தானே கியர் மாறும் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டி ஓட்டப் பழகும் ஒருவனுக்கு முதல் சில நாட்களில் பெருந்தொல்லை தருவது திசைமாற்றும் சக்கரம் அன்று. சாலை விதிகளும் அல்ல. இடக்காலின் கீழ் இருக்கும் கிளச்சு மிதியே அவனை வாட்டுவது. அதனை மிதித்து எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பிரித்து, வேண்டிய கியரைப் போட்டு, பின்னர் மெல்ல மெல்லக் காலை எடுத்தல் வேண்டும். சற்று விரைந்து எடுத்துவிட்டால் வண்டி துள்ளி நின்றுவிடும். மேட்டுப் பாதையில் பின்னால் ஒரு லாரி உறுமி நிற்க, முன்னால் காவலர் கைகாட்டி அழைக்க, மூன்று மிதிகளை இரண்டே கால்களால் ஆளவேண்டிய நிலையில் வியர்த்துப் போகாத புது ஓட்டுநர் எவரும் இலர் எனலாம்.

இத்தொல்லையை அறவே நீக்கியது, தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டி. அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1939 ஆம் ஆண்டில் ‘ஹைட்ராமாட்டிக்’ என்னும் கியர்ப் பெட்டியை வெளியிட்டு, 1940 ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் பொருத்தி விற்றனர். பெருந்தொகையாகச் செய்து விற்கப்பெற்ற முதல் முழுத் தானியங்கிப் பெட்டி அதுவே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் இலகுரக டாங்கிகளிலும் அப்பெட்டி இடம்பெற்றது. போர் முடிந்ததும், போர்க்களத்தில் தேறிய பெட்டி என்று அதனை விளம்பரப்படுத்தவும் நிறுவனத்தார் தவறவில்லை.

வசதி பெருகப் பெருக விழிப்புக் குறைதல் மாந்தர் இயல்பு. கிளச்சு உள்ள வண்டியில் ஓட்டுநன் பிழை செய்தால், பெரும்பாலும் எஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். அதுவே அவனுக்கு ஒரு காவல். தானியங்கி வண்டியிலோ எஞ்சின் அங்ஙனம் நிற்பதில்லை. பிழை செய்தவனையும் ஏற்றிக்கொண்டு வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஆதலின் அவ்வண்டியைச் செலுத்துவோர், மூடியிருக்கும் அப்பெட்டியினுள் நிகழ்வது யாது என்பதைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே நெருக்கமாக வைத்து, ஒன்றை மட்டும் சுழலவிட்டால், அதனின்று எழும் காற்று பட்டு மற்றொன்றும் தானே சுழலத் தொடங்கும். இரண்டிற்கும் இடையே கம்பியோ வாரோ பற்சக்கரமோ இல்லை; காற்றே ஆற்றலைக் கடத்துகின்றது. காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, விசிறிகளை ஒரு மூடிய உருளைக்குள் அடக்கினால் அதுவே தானியங்கி வண்டியின் முதல் உறுப்பு. ஒரு விசிறி எஞ்சினோடு சுழல்வது. மற்றொன்று கியர்ப் பெட்டியோடு இணைந்தது. இவ்விரண்டிற்கும் நடுவே, திரும்பி வரும் எண்ணெயின் போக்கை மாற்றிவிடும் மூன்றாவது சக்கரம் ஒன்றை வைத்தால், வண்டி புறப்படும் பொழுது முறுக்கு விசை மிகுந்து கிடைக்கும். இம்முறையை 1905 ஆம் ஆண்டிலேயே கண்டு காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் பெட்டிங்கர் என்னும் ஜெர்மானியப் பொறியியலார். அவர் கருத்தில் இருந்தது கார் அன்று, கப்பல். விரைந்து சுழலும் நீராவி உருளையையும் மெல்லச் சுழலவேண்டிய கப்பலின் உந்து சக்கரத்தையும் இணைக்க வழி தேடியவருக்குக் கிட்டிய விடை அது. அதனைக் கார்களில் அமைத்துப் பெருவாரியாக விற்கும் காலம் 1948 ஆம் ஆண்டில்தான், ப்யூக் நிறுவனத்தின் வாயிலாக வந்தது.

எண்ணெய் உருளைக்கு அடுத்து இருப்பது பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சக்கரம்; அதனைச் சுற்றி வரும் சிறு சக்கரங்கள் மூன்றோ நான்கோ; அவற்றையெல்லாம் சூழ்ந்து, உட்புறத்தே பற்கள் கொண்ட ஒரு வளையம். நடுச் சக்கரத்திற்குச் ‘சூரியன்’ என்றும் சுற்றி வருபவற்றிற்குக் ‘கோள்கள்’ என்றும் பொறியியலார் பெயரிட்டுள்ளமை மிகப் பொருத்தமே. சூரியனைப் பிடித்து நிறுத்தினால் ஒரு வேகம். வளையத்தைப் பிடித்தால் வேறொரு வேகம். கோள்களைத் தாங்கும் சட்டத்தைப் பிடித்தால் சுழற்சியே எதிர்த்திசைக்கு மாறிவிடும். இங்ஙனம் பிடிப்பதும் விடுவதுமாகிய பணியை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் தகடுகளும் பட்டைகளும் செய்கின்றன. எதனை எப்பொழுது பிடிப்பது என்று கணிக்கும் பொறுப்பு முன்னாளில் சில அடைப்பிதழ்களிடமும் விற்சுருள்களிடமும் இருந்தது. பிற்காலத்தில் மின்னணுக் கணிப்பொறி அதனை ஏற்றுக்கொண்டது.

இவ்வமைப்பினின்று விளைவது ஒன்றை ஓட்டுநன் ஒருபொழுதும் மறத்தல் ஆகாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்வரை முதல் விசிறி எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே கியர் நெம்புகோல் ஓட்ட நிலையில் இருந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால், முடுக்கியைத் தொடாமலே வண்டி ஊரத் தொடங்கும். பழகியவர்க்கு இது பேருதவி. நெரிசல் மிக்க கடைத்தெருவில் பிரேக்கு ஒன்றாலேயே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்தலாம். பழகாதவர்க்கோ இதுவே முதல் வியப்பு. சிலருக்கு முதல் விபத்தும் இதுவே. நிற்கின்ற வண்டி என எண்ணிக் குனிந்து கீழே விழுந்த பொருளை எடுக்க முனைந்து, பிரேக்கின் மேலிருந்த கால் தளர, முன்னால் நின்ற வண்டியின் மேல் மோதியோர் பலர்.

கியர் நெம்புகோலின் நிலைகள் ஆங்கில எழுத்துக்களால் குறிக்கப்பட்டிருக்கும். ‘பி’ என்பது நிறுத்தி வைக்கும் நிலை. ‘ஆர்’ பின்னோக்கிச் செல்வது. ‘என்’ எஞ்சினுக்கும் சக்கரங்களுக்கும் தொடர்பு அற்ற நிலை. ‘டி’ முன்னோக்கி ஓடும் நிலை. இவற்றிற்குப் பின் ‘எல்’ என்றோ, 2, 1 என்ற எண்களாகவோ, தாழ்ந்த கியரில் மட்டும் வண்டியை வைத்திருக்கும் நிலைகள் அமைந்திருக்கும். எஞ்சினை ‘பி’, ‘என்’ என்னும் இரண்டு நிலைகளில் மட்டுமே கிளப்ப இயலும்.

இவற்றுள் மற்றவற்றை எளிதில் உணர்ந்துகொள்ளலாம். ‘பி’ பற்றியே பலரும் தவறாக எண்ணுகின்றனர். அந்நிலையில் வைத்துவிட்டால் வண்டியின் நான்கு சக்கரங்களும் ஏதோ இரும்புப் பிடியில் அகப்பட்டுக்கொள்வன போல அவர்கள் கருதுவர். உண்மை வேறு. கியர்ப் பெட்டியினின்று சக்கரங்களுக்குச் செல்லும் தண்டில் பற்கள் வெட்டிய சக்கரம் ஒன்று உண்டு. நெம்புகோலை ‘பி’ நிலைக்குத் தள்ளியவுடன், ஏறத்தாழ ஒரு விரல் அளவே உள்ள இரும்புக் கொக்கி ஒன்று விற்சுருளின் உந்துதலால் அப்பற்களுக்கு இடையே விழுகின்றது. வண்டியை நிறுத்துவது அந்த ஒரு கொக்கியே! பள்ளத்திற்கு நேராக நில்லாமல் பல்லின் முனைமேல் கொக்கி அமர்ந்துவிட்டால், வண்டி சிறிது உருண்ட பின்னரே அது உள்ளே விழும். நிறுத்திய வண்டி ஒரு சாண் நகர்ந்து ‘டக்’கென்று நிற்பதன் காரணம் இதுதான். ஓடும் வண்டியில் அறியாமல் ‘பி’ நிலைக்கு மாற்றிவிட்டாலோ கொக்கி உள்ளே விழாமல் பற்களின்மேல் கடகடவென்று தத்தும். அவ்வொலியைக் கேட்ட பின்னும் வண்டியை அங்ஙனமே விடுவது பெட்டியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

அக்கொக்கி தாங்கவேண்டிய சுமை எத்துணை? 10 அடிக்கு 1 அடி உயரும் சரிவில் 1,200 கிலோ எடையுள்ள கார் நிற்பதாகக் கொள்வோமாயின், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 120 கிலோ எடைக்குச் சமமாகும். தடை ஏதுமின்றி அச்சரிவில் 10 மீட்டர் தூரம் உருண்டால் வண்டியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் ஆகிவிடும். உராய்வு அதனைச் சிறிது குறைக்கலாம். ஆனால் ஆள் ஒருவன் முன்னே சென்று கைகொடுத்து நிறுத்தக்கூடிய பொருள் அன்று அது. உருளும் வண்டியைக் கையால் தடுக்கப் போய் அதன்கீழ் அகப்பட்டோர் பலர் உண்டு. தம் உடைமை பாழாகின்றதே என்னும் பதைப்பில் அறிவு பின்தங்கிவிடுகின்றது.

தொடக்க காலத்து ஹைட்ராமாட்டிக் வண்டிகளில் ‘பி’ என்னும் நிலையே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ‘ஆர்’ நிலையில் வைத்தால் தண்டு பூட்டிக்கொள்ளும். வேறு நிறுவனத்தார் வேறு வரிசைகளைக் கையாண்டனர். சில வண்டிகளில் நெம்புகோலை ஒரு கோடி வரை தள்ளினால் பின்னோட்டம். வேறு சிலவற்றில் அதே கோடியில் தாழ்ந்த முன்னோட்டம். கிரைஸ்லர் நிறுவனம் 1956 ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து நெம்புகோலையே ஒழித்துப் பொத்தான்களை வைத்தது; 1964-க்குப் பின் அவற்றைக் கைவிட்டது. ஒரு வண்டியில் பழகிய கை மற்றொரு வண்டியில் ஏறியதும் பழைய பழக்கப்படியே செல்லும் அன்றோ? முன்னே செல்ல எண்ணியவர் பின்னே பாய்ந்தனர். இக்குழப்பத்தை ரால்ப் நேடர் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட, மோட்டார் வண்டிகளின் பாதுகாப்பின்மை பற்றிய தம் நூலில் கடுமையாகச் சாடினார். அமெரிக்க அரசாங்கம் வகுத்த விதி 1968 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. முன்னோட்டத்திற்கும் பின்னோட்டத்திற்கும் நடுவே ‘என்’ இருத்தல் வேண்டும். கியர் விழுந்துள்ள நிலையில் எஞ்சின் கிளம்புதல் கூடாது என்பன அவ்விதியின் கூறுகள். இக்காலத்து வண்டிகளில் காணும் வரிசை நிலைபெற்றது இவ்வாறே.

வரிசை ஒழுங்காயிற்று, ஆயினும் வண்டிகள் உருள்வது ஓயவில்லை. 1970-களில் ஃபோர்டு நிறுவனத்தின் வண்டிகளைப் பற்றி விந்தையான புகார்கள் எழுந்தன. ஓட்டுநர் நெம்புகோலை ‘பி’ நிலைக்குத் தள்ளிவிட்டு, எஞ்சினை அணைக்காமல், கதவைத் திறந்து இறங்குவார். வீட்டு வாயிற்கதவைத் திறப்பதற்கோ, கடிதப் பெட்டியைப் பார்ப்பதற்கோ, பின்பெட்டியிலுள்ள மூட்டையை எடுப்பதற்கோ அவ்வாறு இறங்கியிருப்பார். சில நொடிகள் வண்டி அசையாமல் நிற்கும். பின்னர் ஆளில்லாமலே அது பின்னோக்கிப் புறப்படும்! உயிரிழந்தோரும் உண்டு. நிகழ்ந்தது யாதெனின், நெம்புகோல் ‘பி’ நிலையை முழுதும் எட்டாமல், ‘பி’க்கும் ‘ஆர்’க்கும் இடைப்பட்ட ஒரு விளிம்பில் தங்கியிருக்கும். கொக்கியும் விழவில்லை, பின்னோட்டமும் முழுமையாகப் பிடிக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினின் அதிர்வாலோ, கதவைச் சாத்தும் அதிர்ச்சியாலோ நெம்புகோல் நழுவி ‘ஆர்’ நிலையில் விழும். பிறகு ஓட்டுபவர் இல்லாத வண்டி எஞ்சினின் ஆற்றலோடே பின்னே வரும்.

குறை பெட்டியில் இருந்ததா, ஓட்டுநர்களிடம் இருந்ததா என்பது நெடிய வழக்காயிற்று. நெம்புகோலை முழுதும் தள்ளாதவர் தவறே அது என்றது நிறுவனம். தள்ளாவிட்டாலும் தள்ளியது போலத் தோன்றுமாறு செய்தவர் யார் என்று கேட்டனர் மற்றையோர். 1980 ஆம் ஆண்டின் இறுதியில் அரசாங்கத்திற்கும் நிறுவனத்திற்கும் உடன்பாடு ஏற்பட்டது. 2 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளின் உரிமையாளர்களுக்கு எச்சரிக்கைச் சீட்டு ஒன்றை அனுப்பி, வண்டியினுள் ஒட்டிக்கொள்ளச் சொல்வது என்று முடிவாயிற்று. இறங்குமுன் நெம்புகோல் ‘பி’ நிலையில் விழுந்துவிட்டதா என்று பார்த்தல், நிறுத்தும் பிரேக்கை முழுதும் இடுதல், எஞ்சினை அணைத்தல் என்பனவே அச்சீட்டின் செய்தி. வண்டியைத் திருத்துவதற்குப் பதிலாகத் துண்டுக் காகிதம் ஒட்டுவதா என்று அன்று பலரும் இகழ்ந்தனர், அவ்விகழ்ச்சி நியாயமானதே. எனினும் அச்சீட்டில் கண்ட மூன்று செயல்களையும் செய்தவரின் வண்டி அவ்வாறு பின்னோக்கிப் பாய்ந்திருக்க வழியில்லை என்பதும் உண்மை.

பல ஆண்டுகள் கடந்த பின்னரும் அதே நாடகம் வேறு வேடத்தில் வந்தது. சில புதிய கார்களில் நெம்புகோல், தள்ளிய இடத்தில் நில்லாமல், ஒவ்வொரு முறையும் நடுவிடத்திற்கே திரும்பிவிடுமாறு அமைக்கப்பட்டது. எந்த நிலையில் வண்டி உள்ளது என்பதைக் கையால் உணர இயலாது. ஒளிரும் எழுத்தைக் கண்ணால் பார்த்தே அறிதல் வேண்டும். அத்தகைய வண்டிகளை பியட் கிரைஸ்லர் நிறுவனம் 2016 ஆம் ஆண்டு ஏப்ரலில் திருத்தத்திற்காகத் திரும்ப அழைத்தது. உலகெங்கும் 11 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிகள் அவ்வழைப்பில் அடங்கின. அதே ஆண்டு ஜூன் 19 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 27 வயதே நிரம்பிய திரைப்பட நடிகர் ஆன்டன் யெல்சின், தம் வீட்டின் சரிவான வழியில் உருண்டு வந்த தம் காருக்கும் வாயில் தூணுக்கும் இடையே நசுங்கி உயிர் துறந்தார். திரும்ப அழைக்கப்பட்ட வகையைச் சேர்ந்ததே அவர் காரும்.

இனி, வண்டியைச் செலுத்தும் முறையைக் காணலாம். தானியங்கி வண்டியில் மிதிகள் இரண்டே. இரண்டிற்கும் உரியது வலக்கால் ஒன்றே, இடக்காலுக்கு ஓய்வு. இது கேட்பதற்கு எளிது. ஆனால் பல ஆண்டுகள் கிளச்சு மிதித்துப் பழகியவரின் இடக்கால் சும்மா இராது. பழக்கத்தால் அது நீண்டு, அகன்ற பிரேக்கு மிதியைக் கிளச்சு என்று கருதி ஓங்கி மிதித்துவிடும். வண்டி நட்டாற்றில் நங்கூரம் விழுந்தது போல நிற்க, பின்னால் வருபவன் வந்து மோதுவான். முதல் சில நாட்களில் இடக்காலைப் பின்னே மடக்கி இருக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்வோர் அறிவுடையோர்.

எஞ்சினைக் கிளப்புமுன் வலக்கால் பிரேக்கின்மேல் இருத்தல் வேண்டும். கிளம்பிய பின்னும் அக்கால் அங்கேயே இருக்க, கண்ணாடிகளில் முன்னும் பின்னும் பார்த்து, நெம்புகோலை ‘டி’ அல்லது ‘ஆர்’ நிலைக்கு மாற்றி, கைப்பிரேக்கை விடுவித்து, அதன் பின்னரே காலைத் தளர்த்துதல் முறை. முன்னோட்டத்தினின்று பின்னோட்டத்திற்கோ, பின்னோட்டத்தினின்று முன்னோட்டத்திற்கோ மாற்றும் பொழுது வண்டி முற்றும் நின்றிருத்தல் வேண்டும். மெல்ல உருளும் பொழுதே மாற்றிவிடுவோர், அன்றைக்கு ஒன்றும் நேராமையால் தாம் செய்தது சரி என்று எண்ணுவர்; பெட்டிக்குள் தேயும் தகடுகள் அவர்களிடம் உடனே முறையிடுவதில்லை.

மிதி மாறுதலே இவ்வண்டிகளுக்கு நேரும் கேடுகளுள் கொடியது. 1980-களில் அமெரிக்காவில், ‘பி’ நிலையினின்று மாற்றியவுடன் கார் தானே சீறிப் பாய்ந்தது என்றும், பிரேக்கை எவ்வளவு மிதித்தும் நிற்கவில்லை என்றும் பலர் முறையிட்டனர். அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறையினர் ஆராய்ந்து 1989 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். வண்டியில் பழுது எதுவும் காணப்படாத நிகழ்ச்சிகளில், பிரேக்கு என்று கருதி ஓட்டுநர் மிதித்தது முடுக்கியையே என்பது அவர்கள் கண்ட முடிவு. வண்டி பாய்கின்றதே என்று அஞ்ச அஞ்ச, மேலும் அழுத்தி மிதிப்பர். மேலும் அது பாயும். தாம் மிதிப்பது பிரேக்கையே என்பதில் அவர்களுக்கு ஐயமே தோன்றுவதில்லை. இதற்கு மாற்றாக வந்ததே, பிரேக்கை மிதித்தாலன்றி நெம்புகோலை ‘பி’யினின்று அசைக்கவியலாத பூட்டு. வண்டியில் தனியே விடப்பட்ட சிறு குழந்தைகள் விளையாட்டாக நெம்புகோலை இழுத்து, வண்டி உருண்டு நேர்ந்த விபத்துக்களையும் அப்பூட்டு பெரிதும் தடுத்தது. 2010 செப்டம்பர் முதல் செய்யப்படும், ‘பி’ நிலை உள்ள எல்லாச் சிறு வண்டிகளுக்கும் அதனை அமெரிக்கா கட்டாயமாக்கியது. பூட்டு இருப்பினும், சாவியையும் குழந்தையையும் ஒருசேர வண்டியில் விட்டுச் செல்லுதல் அடாத செயலே.

மலைப்பாதையில் இறங்கும் பொழுது வேறொரு கவலை உண்டு. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 வளைவுகள். அத்தகைய பாதைகளில் ‘டி’ நிலையிலேயே விட்டுவிட்டு, பிரேக்கை ஓயாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால், உராய்வால் பிரேக்குகள் கொதிக்கும். கருகிய வாடை மூக்கில் ஏறும். சிறிது நேரத்தில் மிதி மெத்தையில் கால் வைத்தது போல உள்ளே போகும், வண்டி நில்லாது. நெம்புகோலை ‘எல்’ அல்லது 2, 1 என்னும் தாழ்ந்த நிலைக்கு மாற்றிக்கொண்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்திழுக்கும். பிரேக்கு வளைவுகளுக்கு மட்டும் பயன்பட்டால் போதும். எஞ்சின் சற்று உரக்க முழங்குமே என்று அஞ்ச வேண்டுவதில்லை. எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி ‘என்’ நிலையில் இறங்குவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் தற்கொலைக்கு ஒப்பானவை. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் திசைமாற்றிக்கும் கிடைத்துவந்த துணை விசையும் அற்றுப்போகும்.

வண்டியை நிறுத்தி வைக்கும் முறையிலேதான் பழகியவர்களும் தவறுகின்றனர். வலக்காலால் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியதும், பலர் நேரே ‘பி’க்குத் தள்ளிவிட்டுக் காலை எடுத்துவிடுகின்றனர், வண்டி சிறிது உருண்டு கொக்கியின்மேல் சாய்ந்துகொள்கின்றது. பிறகு கைப்பிரேக்கை இழுப்பர். அல்லது இழுக்கவே மாட்டார். சுமை முழுதும் அச்சிறு கொக்கியின்மேல் விழுந்துவிட்டபடியால், மீண்டும் புறப்படும் பொழுது நெம்புகோல் அசைய மறுக்கும்; வலிந்து இழுத்தால் பெட்டி அதிர ‘டம்’ என்ற ஒலி எழும். சரியான முறை இதுவே: காலால் பிரேக்கை மிதித்தபடியே நெம்புகோலை ‘என்’னில் வைத்து, கைப்பிரேக்கை இறுக இழுத்து, காலை மெல்லத் தளர்த்தி, வண்டியின் சுமையைக் கைப்பிரேக்கு தாங்குகின்றதா என்று பார்த்தல் வேண்டும். தாங்கிய பின் மீண்டும் பிரேக்கை மிதித்து, நெம்புகோலை ‘பி’க்குக் கொண்டுசென்று, எழுத்தைக் கண்ணால் உறுதி செய்து, எஞ்சினை அணைத்துச் சாவியோடு இறங்குதல் வேண்டும். இவ்வாறு செய்யின் சுமை கைப்பிரேக்கின்மேல் இருக்கும். கொக்கி அதற்குத் துணைக்காவலாக நிற்கும். சாவியைத் திருகாமல் பொத்தானை அழுத்திக் கிளப்பும் கார்களிலும், ஓசையே எழாத மின்சாரக் கார்களிலும் வண்டி அணைந்துவிட்டதா என்பதைச் செவியால் அறிய இயலாது. ஆங்குக் கண்ணே துணை.

இந்திய நாட்டின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126 ஆம் பிரிவும் இதனையே வற்புறுத்துகின்றது. உரிமம் பெற்ற ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இல்லாத பொழுது, பொதுவிடத்தில் நிற்கும் வண்டியின் எஞ்சின் நிறுத்தப்பட்டு, பிரேக்கு இடப்பட்டோ, தானே நகராதவாறு வேறு ஏற்பாடு செய்யப்பட்டோ இருத்தல் வேண்டும் என்பது அதன் பொருள்.

சரிவில் நிறுத்தும் பொழுது முன் சக்கரங்களையும் திருப்பி வைத்தல் நன்று. இடப்புறம் செல்லும் வழக்கமுள்ள இந்நாட்டில், இடப்பக்க ஓரக்கல்லை ஒட்டி, இறக்கம் நோக்கி நிறுத்தினால் சக்கரங்களை ஓரக்கல்லின் பக்கமாகத் திருப்புதல் வேண்டும். ஏற்றம் நோக்கி நிறுத்தினால் அதற்கு மாறாக வலப்புறம் திருப்புதல் வேண்டும். வண்டி பின்னே உருண்டாலும் முன் சக்கரம் ஓரக்கல்லில் முட்டி நின்றுவிடும். ஓரக்கல் இல்லாத மலைச்சாலையில், உருண்டால் பள்ளத்தை நோக்கிப் போகாமல் மலைச்சுவரை நோக்கிப் போகுமாறு திருப்பி வைப்பர்.

2014 ஆம் ஆண்டில் மாருதி சுசுகி நிறுவனம் செலேரியோ என்னும் சிறு காரில் வேறொரு வகைத் தானியங்கிப் பெட்டியை இந்தியாவில் கொண்டுவந்தது. பின்னர்ப் பல நிறுவனங்களும் அவ்வகையைப் பின்பற்றின. விலை குறைவாதலின் இந்நாட்டில் அது பெரிதும் பரவியது. அதனுள் எண்ணெய் விசிறிகளும் இல்லை, கோள் சக்கரங்களும் இல்லை. பழைய கிளச்சும் பழைய கியர்களுமே உள்ளன. ஓட்டுநரின் காலும் கையும் செய்த வேலையை இயந்திரக் கை ஒன்று செய்கின்றது. அத்தகைய கார்களில் பெரும்பாலும் ‘பி’ நிலையே கிடையாது. ‘என்’ நிலையில் விட்டுச் சென்றால் கைப்பிரேக்கு ஒன்றைத் தவிர வேறு காவல் இல்லை. ஆகவே கைப்பிரேக்கை இறுக்கியதோடு, வண்டியோடு தரப்படும் கையேடு கூறும் வண்ணம், கியரும் விழுந்திருக்குமாறு செய்தே எஞ்சினை அணைத்தல் வேண்டும். ஏற்றத்தில் நிற்கும் பொழுது முடுக்கியை மிதித்து மிதித்து அவ்வண்டியைத் தாங்கி நிறுத்துவதும் தவறு. கிளச்சுத் தகடு கருகிப்போகும்.

எண்ணெயால் இயங்கும் தானியங்கி வண்டி மின்கலம் சோர்ந்து நின்றுவிட்டால், நான்கு பேர் சேர்ந்து தள்ளிக் கிளப்பிவிடலாம் என்பது நடவாது. எண்ணெயை அழுத்தத்தோடு செலுத்தும் பம்பு எஞ்சினால் இயங்குவது. எஞ்சின் ஓடாத பொழுது பெட்டியினுள் எதனையும் பிடிக்க ஆற்றல் இல்லை. இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள அவ்வண்டியை நெடுந்தொலைவு இழுத்துச் செல்வதும், எண்ணெய் ஓட்டமின்றிப் பெட்டி சூடேறிக் கெடுவதற்கே வழி.

சக்கரம் மாற்றும் பொழுது நேரும் இடர் பலரும் எதிர்பாராதது. கொக்கி பூட்டுவது தண்டையே அன்றிச் சக்கரங்களைத் தனித்தனியே அன்று. தண்டிற்கும் இரண்டு இயக்கச் சக்கரங்களுக்கும் இடையே, வளைவில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. ‘பி’ நிலையில் உள்ள வண்டியின் இயக்கச் சக்கரம் ஒன்றை ஜாக்கி கொண்டு தரையினின்று உயர்த்திவிட்டால், அந்தரத்தில் நிற்கும் சக்கரம் ஒருபுறமாகச் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபுறமாக உருளத் தடையேதும் இல்லை. வண்டி ஜாக்கியினின்று சரியும். எனவே சமதரையாகப் பார்த்து நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, உயர்த்தப்படாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பின்னரே ஜாக்கியைத் தொடுதல் வேண்டும். லாரிகளில் இதற்கெனவே ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டை ஒன்று வைத்திருப்பர். காரில் அஃது இல்லாதவர் சாலையோரத்துக் கல்லையே அண்டக் கொடுப்பர். வேலை முடிந்து வண்டி கிளம்பியதும், கொடுத்த கல்லை நடுச்சாலையிலேயே கிடக்கவிட்டுச் செல்வாரும் உளர். இருள் சூழ்ந்த பின் அவ்வழியே இரு சக்கர வண்டியில் வருபவனுக்கு அக்கல் கண்ணில் படுவதில்லை.